18 வாட் 300பி ஆம்ப், 98 டெசிபல் ஸ்பீக்கர்: செட்டாக வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிங்கிள் எண்டட் டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்றும், அதற்குப் பொருத்தமான "ஹை எஃபிஷியன்சி" ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் செட்டாக விற்கும் ஒருவரிடம் வாங்கி நன்றாக ஏமாந்திருக்கிறேன். பெயர் போடப் போவதில்லை. இதே மாதிரி செட்டை வேறு பலரும் விற்கிறார்கள், ஒரு பெயரை மட்டும் ஒதுக்கிப் பயனில்லை. ஏமாற்று எந்த இடத்தில் நடக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான். ஆம்ப்: சேனலுக்கு ஒரு 300பி டியூப், 18 வாட். ஸ்பீக்கர்: சென்சிடிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் வரும் சத்தம்) 98 டெசிபல், பேஸ் 35 ஹெர்ட்ஸ் வரை, அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சின்னப் பெட்டி. இரண்டுமே நடக்காத காரியம்.

முதலில் ஆம்ப். 300பி என்பது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1938-ல் கொண்டுவந்த டிரையோடு, அதாவது மூன்று மின்முனை உள்ள டியூப். அதன் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) தாங்கக்கூடிய வெப்பம் 36 வாட். சிங்கிள் எண்டட் என்றால் அலையின் மேல்பாதி, கீழ்பாதி இரண்டையும் ஒரே டியூப் சுமக்க வேண்டும். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். இந்த வகையில் காகிதக் கணக்குப்படி அதிகபட்சம் பாதியைத்தான் ஒலியாக எடுக்க முடியும்; டிரையோடில் நடைமுறையில் கால்வாசி கிடைத்தாலே பெரிய விஷயம். ஆக, ஒரு 300பி தருவது 8 வாட், தள்ளிப் பிடித்தால் 9. அதன் தம்பி 2ஏ3 மூன்றரை வாட், 45 என்ற டியூப் 2 வாட் அளவில் நின்றுவிடும். ஒற்றை 300பி-யில் 18 வாட் என்று யாராவது எழுதியிருந்தால் ஒன்று சேனலுக்கு இரண்டு டியூப் இருக்க வேண்டும், இல்லையென்றால் புளுகு.

8 வாட் என்பது கேவலமான எண் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930-களில் திரையரங்குகளில் ஏறக்குறைய இந்த அளவு பவர் உள்ள ஆம்ப்கள் ஓடின. பவர் குறைவாக இருந்ததை ஈடுகட்டியது பிரம்மாண்டமான ஹார்ன் ஸ்பீக்கர்கள். இந்த ஜோடிப் பொருத்தம் சரியாக அமைந்தால் அதன் சுகமே தனி, நானே அதைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன். அதனால் இது டியூப் ஆம்ப் வேண்டாம் என்று சொல்லும் பதிவு இல்லை.

அடுத்து ஸ்பீக்கர். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி: இந்த மூன்றில் இரண்டுதான் ஒருவருக்குக் கிடைக்கும். ஸ்பீக்கர் செய்பவர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். பேஸ் எவ்வளவு கீழே போகிறது என்பதன் மும்மடிக் கணக்கில் எஃபிஷியன்சி அடி வாங்கும், அதை மீட்கப் பெட்டியைப் பெரிதாக்கத்தான் வேண்டும். 1946-லேயே வந்த கிளிப்ஷ்ஹார்ன் நூறு டெசிபலைத் தாண்டுகிறது என்றால், அது நெஞ்சுயரத்துக்கு அறையின் மூலையை அடைத்து நிற்பதும், இரண்டு பக்கச் சுவரையே ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்திக்கொள்வதும்தான் காரணம். அலமாரிப் பெட்டியில் 98 டெசிபலும் 35 ஹெர்ட்ஸும் சேர்ந்து வராது. வந்தால் சொல்லுங்கள், நானும் வாங்கிக்கொள்கிறேன்.

கேட்டுப் பார்க்கத்தானே போனாய் என்பீர்கள். போனேன். அங்கேதான் சாமர்த்தியம். சின்ன அறை, ஸ்பீக்கருக்கு மிகப் பக்கத்தில் நாற்காலி. ஓடியதெல்லாம் ஒரு குரல், ஒரு கிட்டார், நடுவில் மெல்லிய வயலின். இந்த மாதிரிப் பாட்டுக்கு ஒரு வாட்டே அதிகம். நான் கொண்டுபோன பென் டிரைவைப் போடச் சொன்னபோது, "வைரஸ் வந்துடும் சார், எங்க சர்வர்ல இல்லாத பாட்டா?" என்று சிரித்தார். நான் கேட்ட பாட்டு எதுவும் அந்த சர்வரில் இல்லை. இன்னொன்றும் செய்தார்: பாட்டை நிறுத்திவிட்டு, "காதை ஸ்பீக்கர்கிட்ட வச்சுப் பாருங்க, துளி ஹம் இருக்கா?" என்றார். ஹம் என்பது மின்சார சப்ளையிலிருந்து கசிந்து வரும் ரீங்காரம். ஏசி இரைச்சலுக்கு நடுவே உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. 300பி மாதிரி டைரக்ட்லி ஹீட்டட் டிரையோடில் (சூடாகும் இழையே எலக்ட்ரானை வெளியிடும் வகை) ஹம் இல்லாமல் செய்வது கஷ்டம் என்பதால் அது என்னை ரொம்பவே கவர்ந்தது. அந்த நிசப்தத்தின் ரகசியம் பின்னால் வருகிறது.

வீட்டில் என் பாட்டுகளைப் போட்டதும் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. டிரம் விழும் இடமெல்லாம் மொத்தையாகக் கேட்டது. கோரஸ் ஏறினால் குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரகரத்தன. சத்தத்தைக் குறைத்தால் பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

போன் செய்தேன். "புதுசு சார், ஓட ஓடத்தான் திறக்கும். 300 மணி நேரம் பர்ன்-இன் கொடுங்க, அப்புறம் பேசுங்க." பில்லின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன இருந்தது தெரியுமா? திருப்பித் தர 7 நாள். இரவு பகலாக அணைக்காமல் ஓட்டினாலும் 7 நாளில் 168 மணி நேரம்தான் வரும். அதாவது அவர் சொல்லும் பர்ன்-இன் முடிவதற்கு வெகு முன்பே திருப்பித் தரும் கெடு முடிந்துவிடும். ஸ்பீக்கர் கோன் ஓடி ஓடிக் கொஞ்சம் இளகும், அது உண்மைதான். ஆனால் இல்லாத வாட் எத்தனை மணி நேரம் ஓடினாலும் முளைக்காது. யாராவது பர்ன்-இன் என்று ஆரம்பித்தால் உடனே கெடுவைப் பாருங்கள். புகாரை அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். நான் போன் வைத்த கையோடு மின்னஞ்சல் அனுப்பினேன், பின்னால் அதுதான் கை கொடுத்தது.

ஆம்ப் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர் வந்து அடித்தட்டைக் கழற்றினார். (இதை நீங்களாகச் செய்யாதீர்கள். உள்ளே நானூறு வோல்ட் அளவுக்கு இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும், ஆளையே தூக்கிவிடும்.) 8 ஓம் டம்மி லோட் (ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர்) மாட்டி, ஒரு கிலோஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்தோம். அலையின் தலை தட்டையாகத் தொடங்கியபோது மீட்டரில் 5.6 வோல்ட். வர்க்கம் எடுத்து எட்டால் வகுத்தால் 3.9 வாட். காரணமும் அங்கேயே இருந்தது. டியூபின் கரண்ட் முழுவதும் போகும் கேத்தோடு ரெசிஸ்டர் ஒரு கிலோஓம், அதன் குறுக்கே 52 வோல்ட், ஆக 52 மில்லிஆம்பியர். டியூபின் குறுக்கே 310 வோல்ட்தான். பெருக்கினால் 16 வாட், அதில் கால்வாசி 4. பவர் டிரான்ஸ்ஃபார்மரில் காசு மிச்சம் பிடித்தால் இதுதான் வரும்.

இது இடது சேனல். வலது சேனலில் அதே ரெசிஸ்டரில் 38 வோல்ட். "மேட்ச் செய்த ஜோடி" என்று பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நண்பர் ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, இரண்டு டியூபையும் இடம் மாற்றிச் செருகினார். இப்போது 38 இடது பக்கம் வந்துவிட்டது. ஆகக் குறை சர்க்யூட்டில் இல்லை, டியூபில்.

அப்புறம் சைன் அலையை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினார். இரண்டரை வோல்ட் தாண்டுவதற்குள் அலை கோணிக்கொண்டது. ஒரு வாட்டுக்கும் குறைவு. சிங்கிள் எண்டடில் டிசி கரண்ட் முழுவதும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வழியாகத்தான் போகிறது. அதன் இரும்புக் கோர் சாச்சுரேட் ஆகாமல் (காந்தம் நிரம்பிவிடாமல்) இருக்க அதில் இடைவெளி விட வேண்டும், இடைவெளி விட்டால் பேஸுக்குத் தேவையான இண்டக்டன்ஸ் குறையும், அதைச் சரிக்கட்டக் கோரைப் பெரிதாக்க வேண்டும். நல்ல 300பி ஸ்டீரியோ ஆம்பை ஒருவர் தனியாகத் தூக்கினால் மூச்சு வாங்குவது இதனால்தான். என் ஆம்பை ஒரு கையால் தூக்கி மேசையில் வைத்தார் நண்பர். மூடியைத் திறந்து பார்த்தால், பெரிய கறுப்பு டப்பாவுக்குள் ஒரு மூலையில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், மீதி இடம் காலி. எடையைக் கேளுங்கள், தயங்காமல் தூக்கியும் பாருங்கள்.

ஸ்பீக்கர் கதை இன்னும் நுணுக்கம். சென்சிடிவிட்டி என்பது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளப்பது. பல பேர் ஒரு வாட் என்று சொல்லாமல் 2.83 வோல்ட் என்று போடுவார்கள். 8 ஓமுக்கு இரண்டும் ஒன்றுதான். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். காசில்லாமல் 3 டெசிபல் சேர்ந்துவிடும். மைக் வைத்து அளந்தபோது 2.83 வோல்ட்டில் 91 வந்தது. இம்பீடன்ஸோ (ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, ஓமில்) 150 ஹெர்ட்ஸ் பக்கம் 3.2 ஓம் வரை இறங்கியது, பின்பக்கம் 8 ஓம் என்று அச்சடித்திருந்தும். உண்மையில் இது 4 ஓம் வகை. ஆக, ஒரு வாட் கணக்கில் 88. சொன்னது 98. பத்து டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். போதாததற்கு ஆம்பின் பின்னால் இருப்பது ஒரே ஒரு 8 ஓம் முனை. அதில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் டியூபுக்குத் தெரியும் லோடு பாதியாகிவிடும், திரிபு (ஒலி அலையின் வடிவம் கெடுவது) ஏறும், இருக்கும் பவரும் இறங்கும்.

இரண்டு பொய்யையும் சேர்த்துப் பாருங்கள். சொன்ன கணக்குப்படி 98 டெசிபலும் 18 வாட்டும் சேர்ந்தால் ஒரு மீட்டரில் 110 டெசிபலுக்கு மேல். உண்மைக் கணக்கில் 88-ம் 4 வாட்டும் சேர்ந்து 94. இடைவெளி பதினாறரை டெசிபல், பவரில் சொன்னால் 40 மடங்குக்கும் மேல். தனித்தனியாகப் பார்த்தால் "கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்" என்று தோன்றும்.

இப்போது அந்த ஹம் இல்லாத அதிசயம். ஆம்பின் அவுட்புட்டில் பாட்டு இல்லாதபோது 5 மில்லிவோல்ட் ஹம் இருந்தது. நண்பரிடம் நூறு டெசிபலைத் தாண்டும் அசல் ஹார்ன் ஜோடி ஒன்று உண்டு. அதில் மாட்டியதும் உட்காரும் இடம் வரை ம்ம்ம் என்று கேட்டது. ஆம்ப் அமைதியானது இல்லை. அதை வெளியே காட்டும் அளவுக்கு அந்த ஸ்பீக்கருக்கு சென்சிடிவிட்டி இல்லை. அவர் பெருமையாகக் காட்டிய நிசப்தமே ஸ்பீக்கர் 98 இல்லை என்பதற்குச் சாட்சி. செட்டாகத்தான் தருவேன், தனித்தனியாகத் தர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றதன் அர்த்தமும் அப்போதுதான் புரிந்தது. ஆம்பை வேறு நல்ல ஸ்பீக்கரோடு கேட்டால் ஹம் காட்டிக்கொடுக்கும், ஸ்பீக்கரை வேறு ஆம்போடு கேட்டால் சென்சிடிவிட்டி காட்டிக்கொடுக்கும்.

அதனால் டெமோவில் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: அந்த ஆம்பை, சென்சிடிவிட்டி நன்றாகத் தெரிந்த வேறு ஸ்பீக்கரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடலாம். வாட் எண் சொன்னால் எத்தனை சதவீதத் திரிபில், எந்த அதிர்வெண்ணில் என்று கேளுங்கள். 10 சதவீதத் திரிபில் அளந்த எண்ணை அதைச் சொல்லாமலே போடுபவர்கள் உண்டு. 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் அளந்து பேஸைப் பற்றி வாயே திறக்காதவர்களும் உண்டு. ஸ்பீக்கருக்கு இம்பீடன்ஸ் வரைபடம் கேளுங்கள், குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்பதையாவது எழுதி வாங்குங்கள்.

அளவுகளை எல்லாம் அனுப்பிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் என் அறை சரியில்லை என்றார். அடுத்து கேபிள் சரியில்லை என்றார், அவரிடமே நல்ல கேபிள் இருக்கிறதாம். மைக் அளவை எல்லாம் காதுக்கு ஈடாகாது என்று ஒரு சொற்பொழிவு. 3.2 ஓம் படத்தையும், பின்பக்க 8 ஓம் அச்சின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியதும் குரல் மாறியது. கெடுவுக்குள் போட்ட மின்னஞ்சலும் இருந்ததால், ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். டியூப் "தேயும் பொருள்" என்பதால் அதற்கு வாரண்டி கிடையாதாம். ஆம்பை அடித்தட்டு கழற்றியதாகச் சொல்லி வாங்க மறுத்துவிட்டார், அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அளவுக் கோப்புகளும் உள்ளே எடுத்த படங்களும் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி செட் வாங்கி அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.