எந்தச் சங்கிலி?

நல்லூர் முத்திரைச் சந்தியில் வாளோடு குதிரைமேல் சிலையாக இருக்கும் சங்கிலியனைப் பற்றிப் பேச்சுப் போட்டிக்கு எழுதப் போகிறீர்களா? முதலில் எந்தச் சங்கிலி என்று தீர்மானியுங்கள். பெயர் ஒன்று, யாழ்ப்பாண அரசர்கள் இருவர்.

முதலாம் சங்கிலி 1519 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன். 1560இல் போர்த்துக்கேயர் தலைநகர் நல்லூரைப் பிடித்தபோது தப்பியோடி, திரும்ப வந்து அரசைக் காத்தான். மன்னார் மட்டும் கைவிட்டுப் போனது. வீரம், சரி. ஆனால் 1544இல் அதே மன்னாரில் கத்தோலிக்கராக மதம் மாறிய சுமார் 600 பேரை, தன் குடிமக்களையே, கொல்வித்தவனும் இவன்தான். மன்னார்க் கத்தோலிக்கர் அவர்களை இன்றும் வேதசாட்சிகளாக, மதத்துக்காக உயிர்விட்டவர்களாக, நினைவுகூருகிறார்கள். யாழ்ப்பாண மேடைகளில் இதைச் சொல்பவர் குறைவு.

இரண்டாம் சங்கிலி 1617இல் அரச குடும்பத்தாரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தவன். உள்ளூரிலேயே கிளர்ச்சி வெடிக்க, தஞ்சை நாயக்கர் படை வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டான். கோவாவில் மரண தண்டனை.

கடைசி மன்னன், அந்நிய மண்ணில் சாவு: கைதட்டுக்கு இரண்டாமவன் போதும். எனக்கென்றால் முதலாமவன்தான், எழுத அவனிடம் நிறைய இருக்கிறது. மன்னார்க் கொலைகளை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிடாதீர்கள். நடுவர்களில் ஒருவர் மன்னார்க்காரராக இருந்தால் அப்புறம் பதில் சொல்ல முடியாது.