சீரம் 2, வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி: எந்த வேவ்டேபிள் சின்த் யாருக்கு?

வேவ்டேபிள் சின்த் (அலைகளின் தொகுப்பிலிருந்து ஒலி உண்டாக்கும் மென்பொருள் வாத்தியம்) தேடுபவர்கள் முதலில் கேட்பது, "எதுல சவுண்ட் நல்லா இருக்கும்?" என்றுதான். இன்றைக்கு முன்னணியில் இருக்கும் எதை எடுத்தாலும் அடிப்படைச் சத்தம் சுத்தமாகவே வரும். சொந்தமாக ஒரு டேபிள் செய்ய உட்காரும்போதுதான் வித்தியாசம் தெரியும். அதனால் இந்த அலசலில் நான் பெரும்பாலும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

டேபிள் என்பது ஒற்றைச் சுழற்சி அலைகளின் வரிசை. 1980களில் வொல்ஃப்காங் பாம் உருவாக்கிய பிபிஜி வேவ் கருவியில் ஒரு டேபிளுக்கு 64 அலைகள். ஸ்டீவ் டுடாவின் சீரம் 2014இல் வந்தபோது ஒரு ஃப்ரேமுக்கு (வரிசையிலுள்ள ஓர் அலை) 2048 சாம்பிள் (அலையின் அளவீட்டுப் புள்ளி), ஒரு டேபிளுக்கு 256 ஃப்ரேம் வரை என்று அது விரிந்திருந்தது. மாட் டைட்டெல் 2020இல் வெளியிட்ட வைட்டலிலும் ஃப்ரேமின் நீளம் அதே 2048தான். சீரத்துக்காகச் செய்த வேவ் கோப்புகளை வைட்டலிலும் திறந்துகொள்ளலாம். ஆனால் பிரீசெட்கள் (சேமித்து வைத்த ஒலி அமைப்புகள்) அப்படி இடம் மாறாது.

'ஆ' என்று தொடங்கி 'ஈ' என்று முடியும் குரல் பதிவு ஒன்றை இரண்டிலும் இழுத்துப் போட்டுப் பாருங்கள். சீரம் சுருதியைக் கண்டுபிடித்துச் சுழற்சிகளாக வெட்டப் பார்க்கும். பாடியவரின் சுருதி சற்று ஆடியிருந்தாலும் வெட்டு தப்பான இடத்தில் விழும். டேபிளை நகர்த்தும்போது கரகரப்பு கேட்கும். நான் செய்வது இதுதான்: நன்றாக வந்திருக்கும் நாலைந்து ஃப்ரேம்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுவேன். பிறகு ஸ்பெக்ட்ரல் மார்ஃப் (ஓர் அலையை அடுத்ததாக மெல்ல மாற்றுவது) கொடுத்தால் இடைப்பட்ட ஃப்ரேம்களைச் சீரமே நிரப்பிவிடும். உயிரெழுத்து வழுக்கிக்கொண்டு போவது போல அழகாக வரும். ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்கு) கையால் கூட்டிக் குறைக்கவும், சூத்திரம் எழுதி அலை வரையவும் சீரத்தின் எடிட்டரில் முடியும். இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு இதைவிடச் சிறந்த எடிட்டரை நான் பார்த்ததில்லை.

வைட்டல் அதே பதிவுக்கு வேவ்டேபிள், வோகோட், பிட்ச் ஸ்ப்ளைஸ் என்று மூன்று வழி காட்டி எது வேண்டும் என்று கேட்கும். குரலுக்கு வோகோட் பொருந்தும். அதன் எடிட்டரில் கீஃப்ரேம்களை (முக்கிய நிலைகளை) ஒரு காலக்கோட்டில் வைக்கிறோம். மடிப்பு, வடிகட்டல் போன்ற மாற்றங்கள் தனித்தனி அடுக்குகளாக மேலே நிற்கும். நாளைக்கு மனம் மாறினால் ஓர் அடுக்கை மட்டும் தொட்டால் போதும். சீரத்தில் செய்த மாற்றம் அலையிலேயே பதிந்துவிடும். அடிக்கடி மாற்றிப் பார்க்கிறவர்களுக்கு வைட்டலின் வழிதான் நல்லது.

அடுத்து, உச்ச ஸ்வரங்களில் என்ன நடக்கிறது? 2048 சாம்பிளில் 1024 ஹார்மோனிக் வரை அடங்கும். ஆனால் நொடிக்கு 44,100 சாம்பிள் வீதத்தில் (அதன் பாதி அதிர்வெண் வரைதான் அடங்கும்) 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கு 50 ஹார்மோனிக்தான் இடம் கொள்ளும். மிச்சத்தை வெட்டாவிட்டால் அவை கீழே மடிந்து, சுருதிக்குச் சம்பந்தமில்லாத சில்லறைச் சத்தமாகத் திரும்பி வரும். நல்ல சின்த்கள் எல்லாம் இதை வெட்டிவிடுகின்றன. சிக்கல் வார்ப் (அலையை வளைத்துத் திரிக்கும் விளைவு) போட்ட பிறகுதான். பெண்ட், எஃப்எம் (ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைப்பது) போன்றவை புதிய ஹார்மோனிக்குகளை உண்டாக்கும் என்பதால், எந்த பிளகினாக இருந்தாலும் ஓவர்சாம்பிளிங்கை (கூடுதல் சாம்பிள் வீதத்தில் கணக்கிடுவதை) ஏற்றித்தான் சரிக்கட்ட வேண்டும். சிபியு அதற்கு விலை கொடுக்கும். வைட்டலின் ஸ்பெக்ட்ரல் மார்ஃப் வகைகள் (சீரத்தில் சொன்ன ஃப்ரேம் நிரப்பல் வேறு) ஹார்மோனிக் அளவிலேயே வேலை செய்கின்றன. ஸ்மியர், இன்ஹார்மோனிக் ஸ்ட்ரெட்ச் இரண்டையும் ஒவ்வொன்றாக ஒரு சாதாரண சா (saw, ரம்பப்பல் வடிவ) அலையில் போட்டுக் கேளுங்கள். மணியோசைக்கும் கண்ணாடிச் சிணுங்கலுக்கும் இடையில் ஒன்று கிடைக்கும். வைட்டலை நான் விரும்புவதற்கு முதல் காரணமே இதுதான்.

அப்படியானால் சீரம் 2 எதற்கு? 2025இல் வந்த இந்தப் பதிப்பில் ஆஸிலேட்டர் (ஒலியை உண்டாக்கும் பகுதி) மூன்றானது. ஒவ்வொன்றும் வேவ்டேபிளாகவோ, மல்டிசாம்பிளாகவோ (வாத்தியப் பதிவுகளின் தொகுப்பு), கிரானுலராகவோ (பதிவைத் துணுக்குகளாக்கி ஒலிப்பது), ஸ்பெக்ட்ரலாகவோ (பதிவை அதிர்வெண்களாகப் பிரித்து ஒலிப்பது) இருக்கலாம். உண்மையான வாத்தியப் பதிவின் தொடக்கத் தட்டலையும் வேவ்டேபிளின் நீண்ட உடலையும் ஒரே பேட்ச்சில் (ஒலி அமைப்பில்) சேர்க்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. வைட்டலிலும் ஒரு சாம்பிள் (ஒலிப்பதிவு) பகுதி உண்டு, ஆனால் அது துணைக்கு மட்டும்தான். பழைய சீரம் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பதிப்பை இலவசமாகவே கொடுத்தார்கள். மதிக்க வேண்டிய செயல்.

மாடுலேஷனை (குமிழ்களைத் தானாக அசைய வைப்பதை) இழுத்துப் போடும் வசதி இரண்டிலும் உண்டு. ஆனால் வைட்டலில் ஒவ்வொரு குமிழும் எவ்வளவு அசைகிறது என்பது ஓடும்போதே திரையில் தெரியும். புதிதாகக் கற்பவருக்கு எல்எஃப்ஓ (குமிழை மெல்ல அசைக்கும் அலை) என்ன செய்கிறது என்று விளக்க வேறு பாடமே தேவையில்லை. அடிப்படைப் பதிப்பு இலவசம் என்பதால், முதல் சின்த் எது என்று கேட்கிற யாருக்கும் நான் வைட்டலைத்தான் சொல்வேன்.

சர்ஜ் எக்ஸ்டி முழுக்க இலவசம், திறந்த மூலம். வேவ்டேபிள் அதன் பல ஆஸிலேட்டர் வகைகளில் ஒன்றுதான். டேபிள் வரைந்து விளையாட அது முதல் தேர்வு இல்லை. ஆனால் ஸ்காலா கோப்பு (சுருதி அமைப்பை விவரிக்கும் கோப்பு) போட்டு வேறு சுருதி அமைப்புகளில் வாசிக்கவும், லுவா நிரல்மொழியில் சூத்திரம் எழுதி மாடுலேஷன் செய்யவும் நினைக்கிறவர்கள் முதலில் இதைத் திறந்து பார்க்கலாம். லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு வைட்டலும் சர்ஜும்தான். சீரம் அங்கே வருவதில்லை.