மலை மேலே செஸ் பயிற்சி: லிசெஸ் மட்டும் போதுமா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்துகொண்டு பிளிட்ஸ் என்ற வேக ஆட்டத்தில் 2000 ரேட்டிங்கைத் தாண்டிவிட்ட ஒருவர் அதற்கு மேலே போக வேண்டும். வாராவாரம் கோவைக்கு இறங்கி ஒரு கோச்சிடம் படித்துவிட்டு வருவது எல்லாருக்கும் நடக்கிற காரியம் இல்லை. அப்படிப்பட்டவருக்கு, இணையத்தில் செஸ் ஆடும் லிசெஸ் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

செலவு ஒரு பைசா கிடையாது, விளம்பரமும் கிடையாது. நன்கொடை தந்தவருக்கும் தராதவருக்கும் ஒரே வசதிகள்தான். இத்தனையையும் இலவசமாகத் தருகிறார்களே என்று மனதாரப் பாராட்டத் தோன்றுகிறது. ஆனால் வசதிகளை எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும் என்று தளம் சொல்லித் தராது. வலுவான ஆட்டக்காரர்கள் தேங்கி நிற்பது அங்கேதான்.

முதலில் நேரம். தொடக்க நேரத்தோடு, ஒவ்வொரு நகர்வுக்கும் சேரும் கூடுதல் விநாடியான இன்க்ரிமென்டின் 40 மடங்கைக் கூட்டித்தான் லிசெஸ் ஆட்டத்தை வகை பிரிக்கிறது. 5+3 (ஐந்து நிமிடம், நகர்வுக்கு மூன்று விநாடி) என்றால் 420 விநாடி, அது பிளிட்ஸ். 15+10 என்றால் 1300 விநாடி, அது ரேபிட். 30+20 கிளாசிக்கல். பிளிட்ஸிலேயே ஏறி வந்தவருக்குக் கை வேகமாக ஓடும். கணக்கு இரண்டு மூன்று நகர்வோடு நின்றுவிடும். வாரத்துக்கு 15+10-இல் மூன்று ஆட்டம், முடிந்தால் 30+20-இல் ஒன்று போதும். கிளாசிக்கலுக்கு எதிராளி கிடைக்கச் சற்றுக் காத்திருக்க வேண்டும், காத்திருங்கள்.

தளத்தின் உண்மையான பலம் ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். அதை வீணடிப்பதும் அங்கேதான் நடக்கிறது. ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அனாலிசிஸைத் தட்டி, வரைபடம் எங்கே சரிந்தது என்று பார்த்து, "ஓ, இங்கே குதிரையை நகர்த்தியிருக்கணும்" என்று மூடிவிடுவார்கள். வெள்ளைக்குச் சற்றுச் சாதகமான +0.3 என்ற மதிப்பு, கறுப்புக்குச் சாதகமான −1.8 ஆனது என்று எஞ்சின், அதாவது ஆட்டத்தை அலசும் நிரல், சொல்லும். நீங்கள் ஏன் அந்த நகர்வைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்களேதான் எழுத வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஆட்டங்களைக் குறிப்போடு சேர்த்து வைக்கும் 'ஸ்டடி' ஒன்றைத் திறந்து, தோற்ற ஆட்டத்தை எஞ்சினை அணைத்துவிட்டு அதில் ஏற்றுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் போனது என்பது பதிவாகியிருக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் யோசித்த இடங்களில் எல்லாம் நின்று, என்ன பார்த்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்று கமெண்டில் தமிழிலேயே எழுதுங்கள். முக்கால் மணி நேரம் பிடிக்கும். எஞ்சினை அதற்குப் பிறகு போடுங்கள். தவறுகளை மறுபடி நீங்களே சரிசெய்யச் சொல்லும் பொத்தானும் அங்கே உண்டு. விடையை மறைத்து வைத்துக் கேட்கும், மிக நல்ல வசதி. ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயம் வரை வைக்கலாம். முப்பது தோல்விகள் சேர்ந்ததும் கமெண்டுகளை மட்டும் ஒரே மூச்சில் படியுங்கள். எதிராளியின் மிரட்டலைப் பார்க்காமல் விட்டீர்களா, கணக்கில் ஒரு நகர்வு முன்னாலேயே நின்றீர்களா, கடிகாரம் கழுத்தை நெரித்ததா, எது திரும்பத் திரும்ப வருகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

சரியான நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பசில்கள் ஏராளம், தரமும் நன்று. ஒரு குறை, பசிலின் இயல்பிலேயே இருப்பது: "இங்கே ஏதோ இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆட்டத்தில் யாரும் அப்படித் தட்டிச் சொல்வதில்லை. அதனால் வகைப் பட்டியலில் தற்காப்பு நகர்வு, அமைதியான நகர்வு இரண்டையும் தேர்ந்தெடுங்கள். செக்கும் வெட்டும் தேடிப் பழகிய கண்ணுக்கு இவைதான் கடினம். கடைசி நகர்வு வரை மனதில் போட்ட பிறகே முதல் காயைத் தொடுங்கள். பசில்களை வேகமாகத் தீர்க்கும் மூன்று நிமிட 'ஸ்டார்ம்' கண்ணைப் பழக்கும், கணக்கை வளர்க்காது. அதற்கு நாளுக்கு ஒரு தடவை தாராளம்.

எண்ட்கேம் என்ற கடைசிக் கட்டத்துக்கு லுசேனா, பிலிடோர் போன்ற யானை முடிவுகளைப் பயிற்சிப் பகுதியிலேயே வைத்திருக்கிறார்கள். ஏழு காய் வரையிலான நிலைகளுக்குத் துல்லியமான விடையும் கிடைக்கும். ஆனால் எந்தக் காயை எப்போது மாற்றிக்கொள்வது என்ற தீர்ப்புதான் பெரிய விஷயம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியனான 14-வது ஆட்டத்தை எடுங்கள். 55-வது நகர்வில், வெள்ளையாக ஆடிய டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் முடங்கிக் கிடந்தது. குகேஷ் யானையை வெட்டினார், பிஷப்பை டி5-இல் வைத்தார். டிங்கின் பிஷப்புக்கு ஓட இடமில்லை, அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். மிஞ்சியது சிப்பாய் முடிவு. ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருந்த குகேஷுக்கு வெற்றி. டிங் 58-வது நகர்வோடு விலகினார். 54-வது நகர்வில் நிறுத்தி, வெள்ளைக்காக எஞ்சினோடு டிரா செய்ய முயலுங்கள். கடைசிக் காயை மாற்றும் முன் சிப்பாய் முடிவை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் கைக்கு வரும்.

ஓப்பனிங் என்ற தொடக்கக் கட்டத்துக்கு, ஆடிய ஆட்டங்களைக் கிளை கிளையாகக் காட்டும் எக்ஸ்ப்ளோரரில் உங்கள் பெயரைப் போட்டு, எந்தக் கிளையில் அதிகம் தோற்கிறீர்கள் என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

மழைக் காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கரண்ட் போய் நெட் அறுந்தாலும் உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வராவிட்டால் எதிராளி வெற்றியைக் கேட்டு வாங்கலாம். காற்றும் மழையுமான மாலையில் நீண்ட ஆட்டத்தைத் தொடங்காமல், மரப்பலகையில் காய்களை அடுக்கி ஸ்டடி வேலையைப் பாருங்கள். திரையில் தட்டையாகப் பார்த்த மூலைவிட்டப் பாதை, பலகையில் கண்ணுக்குத் தப்பிவிடும். தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதியையும், நகர்த்திய பிறகு தாளில் எழுதும் பழக்கத்தையும் லிசெஸ் தரவே தராது. அங்கே எல்லாரும் 1500-இல் தொடங்குகிறார்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் அளவுகோல் வேறு. இரண்டையும் ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

தளத்தின் கோச் பட்டியலில் யாரையாவது அமர்த்த நினைத்தால், முதல் வகுப்புக்கே தோற்ற மூன்று ஆட்டங்களை உங்கள் கமெண்டோடு அனுப்புங்கள். அவற்றைப் படித்துவிட்டு உங்களிடம் கேள்வி கேட்பவரை வைத்துக்கொள்ளுங்கள். படிக்காமலேயே ஓப்பனிங் பாடத்தை ஆரம்பிப்பவரை விட்டுவிடுங்கள். கோவையில் ரேட்டிங் போட்டி என்றால் முந்தைய மாலையே இறங்கிவிடுங்கள். விடியற்காலைப் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தலைசுற்றலோடு போய் உட்கார்ந்தால் முதல் சுற்று கையை விட்டுப் போகும்.