படக்கதையா, தியான ஏடா, நற்செய்தி நூலா? இராமநாதபுரக் கரைப் பிள்ளைகளுக்கான அன்றாட வேத வாசிப்பு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர் எனத் தொடரும் இராமநாதபுரக் கரையின் கிறிஸ்தவக் குடும்பங்களில் மாலைச் செபம் புதிதன்று. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டில் அது நடந்துகொண்டிருக்கும். மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு அந்த வேளையில் எதை வாசித்துக் காட்டுவது என்பதுதான் பெற்றோர் புதிதாக முடிவு செய்ய வேண்டியது. படங்களோடு கூடிய வேதாகமக் கதை நூல், தேதியிட்ட அன்றாடத் தியான ஏடு, நற்செய்தி நூல் ஒன்றை முதலிலிருந்து தொடர்ச்சியாக வாசித்தல், திருப்பலிக்குரிய அன்றைய வாசகத்தையே வீட்டிலும் வாசித்தல் என நான்கு வழிகள் பொதுவாகக் கையாளப்படுகின்றன. இவற்றுள் எது தகுந்தது என்பதை நூலின் தரத்தை மட்டும் கொண்டு சொல்லிவிட முடியாது. அப்பா கடலில் இருக்கும் இரவிலும் அது தடையின்றி நடக்குமா, பிள்ளை எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டால் அதற்கு அந்த வாசிப்பில் இடம் இருக்குமா என்னும் இரண்டையும் வைத்துத்தான் இந்தக் கரையில் அதை எடைபோட வேண்டியிருக்கிறது.

தமிழகத்தின் கடலோர ஊர்களில் கிறிஸ்தவம் முதலில் செவி வழியாகவே வேரூன்றியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்த உள்ளூராரின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் அடிப்படைச் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, கையில் மணியை ஒலித்தபடி தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டி, அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அந்தப் பிள்ளைகள் வீடு திரும்பித் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் அவற்றைக் கற்பிக்க வேண்டும் என்பதே அவருடைய ஏற்பாடு. இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளார் ஆக்கிய 16 பக்கச் செப நூலான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578இல்தான். அச்சு நூல் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே செபம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை இன்றும் வாசிப்பதில்லை, கேட்கிறது. ஆகையால் இந்நூல்களைக் கடையில் புரட்டிப் பார்த்து மதிப்பிடுவதைக் காட்டிலும், ஒரு பக்கத்தை உரக்க வாசித்துப் பார்த்து மதிப்பிடுவதே சரியாக இருக்கும்.

படக்கதை நூலின் நன்மை வெளிப்படையானது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் படமே வாசிப்பு. விரலை வைத்துக் காட்டும், அடுத்த பக்கத்தைத் தானே திருப்பும், பிடித்த கதையை மறுநாளும் கேட்கும். வாசிக்கத் தடுமாறும் அப்பத்தாவும் படத்தைப் பார்த்துக் கதையைச் சொல்லிவிடலாம். ஆனால், ஆங்கில வழிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பலர் ஆங்கிலப் படக்கதை நூலையே வாங்கிவிடுகிறார்கள். தாய்க்கு வராத மொழியில் உள்ள நூல் அலமாரியில் அழகாக இருக்குமே தவிர, அந்த வீட்டின் செப வேளைக்குள் வராது. தமிழில் உள்ள படக்கதை நூல்களுக்கும் ஓர் இயல்பான குறை உண்டு; கதையைச் சுருக்கும்போது, இந்தக் கரைப் பிள்ளைக்கு எது முக்கியமோ அதுவே முதலில் உதிர்ந்துவிடும். யாக்கோபும் யோவானும் படகில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது இயேசு அழைக்க, தந்தை செபதேயுவை விட்டுவிட்டு அவர் பின்னே போனார்கள் என்பது எல்லாச் சுருக்கத்திலும் இருக்கும். அவர்கள் தந்தையைக் கூலியாட்களோடு விட்டுச் சென்றார்கள் என்று மாற்கு நற்செய்தி சொல்வது (1:20) சுருக்கத்தில் எளிதில் விடுபடும். மீனவ வீட்டுப் பிள்ளை கேட்கக்கூடிய முதற்கேள்வி, 'அப்பாவைத் தனியாகவா விட்டுவிட்டுப் போனார்கள், வலையை யார் இழுப்பார்கள்' என்பதாகத்தானே இருக்கும்? அதற்கான விடை மூலத்தில் இருக்கிறது, சுருக்கத்தில் இருப்பதில்லை.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலக் கடலும் பெரிய அலையுமாக வரையப்பட்டிருக்கும் கலிலேயக் கடல் உண்மையில் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி. சுற்றியுள்ள மலைகளிலிருந்து இறங்கும் காற்றால் அது திடீரெனக் கொந்தளிக்கும். பாக் நீரிணையை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிவைத்தால் கதை குறைந்துபோவதில்லை, இன்னும் நெருக்கமாகிறது.

தேதியிட்ட தியான ஏடு பெற்றோருக்கு மிக வசதியானது. அன்றைய பக்கத்தைத் திறந்தால் ஒரு வசனம், ஒரு சிறு நிகழ்ச்சி, ஒரு செபம் என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எதை வாசிப்பது என்று தேட வேண்டியதில்லை. ஒழுங்கான நேரத்தில் வேலைக்குப் போய் ஒழுங்கான நேரத்தில் திரும்பும் குடும்பத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தொழில் நடக்கும் இந்தக் கரையிலோ அப்பா வீட்டில் இருக்கும் இரவும் இல்லாத இரவும் மாறி மாறி வருகின்றன. பாம்பன், மண்டபம் பக்கத்தில் தாய் விடியற்காலையிலேயே கடற்பாசி எடுக்கப் போகும் வீடுகளும் உண்டு. இரண்டு நாள் விட்டுப்போனால், தேதியிட்ட ஏட்டில் அவை இரண்டு வெற்றுப் பக்கங்களாக நிற்கின்றன. ஒரு வாரம் விட்டுப்போனால் பெரியவர்களுக்கே கூச்சம் வந்து ஏட்டை மூடிவைத்துவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல் (உபாகமம் 6:7) நான்கு வேளைகளைச் சொல்கிறதே ஒழிய, தேதி எதையும் குறிக்கவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய தயக்கம் அந்த ஏடுகளின் கடைசி வரியைப் பற்றியது. ஒவ்வொரு பக்கமும் ஒரு நீதியோடு முடிய வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இருக்கிறது. இயேசு புயலை அடக்கிய பகுதி (மாற்கு 4:35-41) அத்தகைய ஏட்டில் வந்தால், 'இயேசு உன் படகில் இருந்தால் உனக்கு ஆபத்து வராது' என்ற பொருளில் முடிவதற்கே வாய்ப்பு அதிகம். நிலத்தில் வாழும் பிள்ளைக்கு அது ஓர் உருவகம் மட்டுமே. அப்பா அன்றிரவு கடலில் இருக்கும் பிள்ளைக்கு அது வாக்குறுதி. படகுகள் பிடிபட்டு அப்பாக்கள் இலங்கைச் சிறையில் இருந்த நாட்களை இந்தக் கரையின் பிள்ளைகள் அறிவார்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலின் மிச்சமாக நிற்கும் தேவாலயச் சுவர்களையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். 'இந்தப் புயலை ஏன் அவர் அடக்கவில்லை' என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டால், கடவுள் நிச்சயம் காப்பாற்றுவார் என்று முடித்துவைத்த ஏட்டிடம் அதற்குப் பதில் இல்லை. கேட்ட பிள்ளைதான் விசுவாசக் குறைவுள்ளதாக உணரும்.

அதே பகுதியை மாற்குவில் உள்ளபடியே வாசித்தால் நிகழ்வது வேறு. அங்கே இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்து உறங்குகிறார். நாங்கள் சாகப்போவது பற்றி உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் கோபமும் அச்சமுமாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி பாவமாக எழுதப்படவில்லை. காற்று அடங்குகிறது, ஏன் அஞ்சினீர்கள் என்று அவர் கேட்கிறார், அதன் பிறகும் அவர்கள் முன்னிலும் அதிகமாக அஞ்சி, காற்றும் கடலும் கீழ்ப்படிகிற இவர் யார் என்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். பகுதி அத்தோடு முடிகிறது, விடை தரப்படவில்லை. வாசித்த தாயும் பிள்ளையும் அந்தக் கேள்வியோடு உறங்கப் போகலாம், அப்பாவுக்காகச் செபிக்கலாம், கடவுள் செய்யாத வாக்குறுதியைச் செய்ததாகச் சொல்ல வேண்டிய நெருக்கடி யாருக்கும் இல்லை. ஒரே பகுதியை இரண்டு வழியிலும் வாசித்துப் பார்ப்பவருக்கு என் சாய்வு எந்தப் பக்கம் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

தொடர் வாசிப்புக்கு நான்கு நற்செய்திகளுள் மாற்குவையே முதலில் எடுக்கச் சொல்வேன். அது சிறியது, நிகழ்ச்சிகளால் நிறைந்தது, நீண்ட உரைகள் குறைவு. சீர்திருத்தத் திருச்சபைகள் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பின் கணக்கில் அதில் 16 அதிகாரங்கள், 678 வசனங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 வசனம் வீதம் வாசித்தால் முழு நற்செய்தியும் முடிந்துவிடும். விசைப்படகுத் தொழிலாளி எல்லா இரவும் வீட்டில் இருக்கும் காலம் ஆண்டில் அது ஒன்றுதான். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதங்களில், பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால், அப்பாவே வாசிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. அப்பா வாசித்துக் கேட்ட பிள்ளைக்கும் அம்மா மட்டுமே வாசித்துக் கேட்ட பிள்ளைக்கும், பின்னாளில் செபத்தைப் பெண்களின் வேலையாகக் கருதுவதில் வேறுபாடு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

தொடர் வாசிப்பில் இடர்கள் இல்லாமல் இல்லை. ஆறாம் அதிகாரத்தில் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுகிறது. ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே கத்தித் திரியும் மனிதன் வருகிறான். 13ஆம் அதிகாரம் பெரியவர்களுக்கே கடினமானது. ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு இம்மூன்றையும் தாண்டிப் போவதில் தவறில்லை. யோவானை அரசன் கொன்றுவிட்டான் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்லலாம். சிலுவைப் பாடுகளை மட்டும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. கோயிலில் சிலுவைப் பாதைப் படங்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது புதியதாகவும் இருக்காது. மறுபுறம், கூரையைப் பிரித்து நோயாளியை இறக்குவதும் (2:4), உயிர்பெற்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு உண்ணக் கொடுங்கள் என்று இயேசு சொல்வதும் (5:43), எதிர்காற்றில் துடுப்பு வலித்துச் சோர்ந்த சீடர்களிடம் விடியலுக்கு முந்தைய நான்காம் சாமத்தில் அவர் வருவதும் (6:48), எந்தப் படமும் இல்லாமலே பிள்ளையின் மனத்தில் பதியக்கூடியவை.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நான்காவது வழியும் உண்டு. திருப்பலியின் அன்றைய நற்செய்தியை மாலையில் வீட்டில் வாசிப்பதால், காலைப் பூசைக்குப் போய்வந்த அப்பத்தா கேட்டதையே பிள்ளையும் கேட்கிறது. மறையுரையில் வந்த ஒரு செய்தியை அவர் தம் சொல்லில் சேர்த்துச் சொல்லவும் முடிகிறது. பெருவிழாக் காலங்கள் சேராத பொதுக்காலத்தின் முதல் ஒன்பது வாரங்களின் வார நாள்களில் மாற்குவும், அதன்பின் மத்தேயுவும், 22ஆம் வாரம் முதல் லூக்காவும் வாசிக்கப்படுவதால், இதுவும் ஒருவகைத் தொடர் வாசிப்பே. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்திலும் வாசகங்கள் வேறு முறையில் தேர்ந்தெடுக்கப்படுவதால் அப்போது கதையின் இழை அறும். பிள்ளை நேற்றைய தொடர்ச்சியைத் தேடி ஏமாறும். திருப்பலியில் நற்செய்திக்கு முன் வரும் முதல் வாசகத்தைச் சிறு பிள்ளைகளுக்கு வாசிக்காமல் விட்டுவிடுவதே நலம்.

புனிதர் வாழ்க்கையைச் சொல்லும் பழக்கமும் இங்கே வலுவாக உள்ளது. ஓரியூர்த் திருத்தலத்துக்குப் போய்வந்த பிள்ளைக்கு, 1693 பிப்ரவரி 4இல் அங்கே தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரின் வரலாறு தெரிந்திருப்பது இயல்பு. அது வேத வாசிப்புக்குத் துணையாக வரலாம், மாற்றாக வர வேண்டாம்.

கைப்பேசிக் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை நிறுத்திக் கேள்வி கேட்க விடுவதில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததாக எது வரும் என்பது பெற்றோர் கையிலும் இல்லை. ஆனால் கடலுக்குப் போகும் அப்பா அன்றைய பத்து வசனங்களைத் தம் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பிவிட்டுப் போனால், கைப்பேசிக்கு இதைவிட நல்ல பயன் இருக்க முடியாது.

எந்த மொழிபெயர்ப்பு என்பது வீட்டைப் பொறுத்தது. 1995இல் வெளியான திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பின் நடை பள்ளிப் பாடநூல் தமிழுக்கு அருகில் இருப்பதால் சிறு பிள்ளைக்கு எளிது. பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமானாலும் மனப்பாடத்துக்கு உகந்த ஓசை அதில் உண்டு. தாய் கத்தோலிக்கராகவும் தந்தை தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவராகவும் உள்ள வீட்டில், வாசிப்பவருக்குப் பழகிய நூலையே எடுக்கட்டும். தடையில்லாமல் ஓடும் குரல் பிள்ளைக்கு நடையின் எளிமையைவிடப் பெரிய உதவி.

வயதை வைத்துச் சொன்னால், மூன்று, நான்கு வயதுக்குத் தமிழ்ப் படக்கதை நூல் போதும். ஐந்திலிருந்து எட்டு வரை மாற்குவைத் தொடர்ந்து வாசிப்பதும், அது முடிந்தபின் லூக்காவின் முதலிரு அதிகாரங்களுக்கும், கரையில் கரியடுப்பு மூட்டி இயேசு காத்திருக்கும் யோவான் 21க்கும் செல்வதும் நல்லது. தியான ஏடு பத்து வயதுக்கு மேல், பிள்ளை தானே வாசிக்கும்போது வரட்டும். செபமாலை சொல்லும் வீடுகளில் வாசிப்பை முதலில் வைத்து, ஒரு பத்து மணி மட்டும் சிறியவர்களோடு சேர்ந்து சொல்லி அவர்களைப் படுக்க அனுப்பிவிட்டு, மீதி நான்கையும் பெரியவர்கள் தொடரலாம்.