பில்லில் ‘செட்’, வண்டியில் வெறும் பெல்ட்

டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினுக்குள் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. அதை மாற்றுவதற்காகக் காரை விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பெல்ட்டையே மாற்றாமல் பணம் வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது. அவர்கள் பெல்ட்டை மாற்றினார்கள். புதிய பெல்ட்தான். இன்ஜின் போனது போனதுதான்.

என் காரின் கையேட்டில் 1,00,000 கிலோமீட்டர் அல்லது 6 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று இருந்தது. இது வண்டிக்கு வண்டி மாறும். சில இன்ஜின்களில் பெல்ட்டே கிடையாது, செயின் இருக்கும். 94,000 ஓடியதுமே நான் கொண்டுபோய் விட்டுவிட்டேன். கெடுவுக்கு முன்பே போகிறோம் என்று உள்ளூரப் பெருமை வேறு. மறுநாள் மாலை பில் கைக்கு வந்தது. ‘டைமிங் பெல்ட் செட்’ என்று ஒரு வரி, ‘கூலி’ என்று ஒரு வரி. பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். கழற்றிய பாகங்கள் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த 20,000 கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லை. பிறகு காலையில் வண்டியை எடுக்கும்போது சில்வண்டு போல ஒரு கீச்சொலி. இன்ஜின் சூடானதும் அடங்கிவிடும். அதே பட்டறைக்குத்தான் போனேன். பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, “ஃபேன் பெல்ட் காய்ந்திருக்கிறது சார்” என்று ஏதோ ஒன்றைத் தெளித்து அனுப்பினார்கள். ஃபேன் பெல்ட் வெளியே கண்ணுக்குத் தெரியும். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கும். சத்தம் மூடிக்குள்ளிருந்து வந்தது. மூடியை யாரும் தொடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றது. முன்னறிவிப்பாக ஒரு விளக்குகூட எரியவில்லை. ஓரம் கட்டிவிட்டுச் சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, இலவம்பஞ்சு போலச் சுற்றியது. சிலிண்டரில் அழுத்தம் இல்லாவிட்டால் அப்படித்தான் சுற்றுமாம். அது தெரியாமல் நான்கைந்து முறை திருகித் தொலைத்தேன். அந்த ஒலி கேட்டால் திருகாதீர்கள். மிச்சமிருக்கும் வால்வுகளும் வளையலாம்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது பெல்ட்டின் பற்கள்தான். என் இன்ஜின் போன்றவற்றில் பிஸ்டனும் வால்வும் ஒரே நாற்காலியில் முறைவைத்து உட்காருகிறவர்கள். கணக்குத் தப்பினால் ஒருவர் மடியில் ஒருவர். எல்லா இன்ஜினும் இப்படியல்ல, சிலவற்றில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு சரி. உங்களுடையது எந்த வகை என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேறொரு மெக்கானிக் மூடியைக் கழற்றினார். பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எழுத்துகள் இன்னும் தெளிவாக இருந்தன. அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பற்களே இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பைக் கையால் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. என் இன்ஜினில் அந்தப் பம்ப்பைச் சுழற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப்பின் பேரிங் இறுகிவிட்டது, பெல்ட் அதன்மேல் இழுபட்டுப் பல்லை இழந்தது. பம்ப்பின் அடியில் கூலன்ட் கசிந்து காய்ந்த பொருக்கு. பெல்ட்டை விறைப்பாகப் பிடித்திருக்கும் டென்ஷனரைத் துடைத்தபோது அதில் பொறித்திருந்த ஆண்டு தெரிந்தது: கார் தயாரான அதே ஆண்டு. வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலைகளில் பிறை பிறையாக வால்வு பதிந்த தழும்புகள். எட்டு வால்வுகள் வளைந்திருந்தன.

பிறகு அவர் என் பழைய பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதில் கூலன்ட் எங்கே?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. வாட்டர் பம்ப்பைக் கழற்றினால் கூலன்ட்டை வடித்துத்தான் ஆக வேண்டும், புதிதாக ஊற்றித்தான் ஆக வேண்டும். கூலன்ட் வரி இல்லாத பில் என்றால் பம்ப்பில் கை வைக்கவே இல்லை என்று பொருள். இரண்டு வருடமாக அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

பட்டறை முதலாளியிடம் போனேன். “பெல்ட் மாற்றினோமா இல்லையா?” என்றார். மாற்றினீர்கள், செட் என்று எழுதியிருக்கிறீர்களே என்றேன். “பெல்ட்டைத்தான் சார் நாங்கள் செட் என்போம்.” பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கூடவே இன்னொன்றும் சொன்னார்: வேறு ஆள் பிரித்த இன்ஜினுக்கு நான் பொறுப்பில்லை. அங்கேதான் நான் முழுமையாகத் தோற்றேன். மூடியைக் கழற்றும் முன்பே அவரை வரவழைத்திருக்க வேண்டும். வர மறுத்தால் ஒவ்வொரு போல்ட் கழலும்போதும் படம் எடுத்திருக்க வேண்டும்.

ஆகவே வண்டியை விடும்போதே ‘செட்’ என்ற சொல்லைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: பெல்ட், டென்ஷனர், ஐட்லர் புல்லி (பெல்ட்டை அதன் பாதையில் தாங்கும் உருளை), வாட்டர் பம்ப், கூலன்ட், ஒவ்வொன்றுக்கும் தனி வரி, பாக எண்ணுடன். உங்கள் இன்ஜினில் பம்ப்பை வேறு பெல்ட் ஓட்டுகிறது என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். கேம், கிராங்க் தண்டுகளில் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் சீல்கள் கசிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பட்ட ரப்பர் கெடுவரை தாங்காது. கூலி முழுக்கப் பிரித்து மாட்டுவதற்குத்தான் போகிறது. உள்ளே பழைய பேரிங்கை விட்டுவைத்து மிச்சம் பிடிப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய வண்டி வாங்கியவர்கள், மாற்றியதற்குச் சான்று இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக ஓடிய வண்டிக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு.

கழற்றிய பாகங்களைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். இம்முறை நான் வாங்கினேன். இறுகிப்போன அந்தப் பம்ப் இப்போது என் மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது, பழைய பில்லின் மேல்.