ஆண்டுக்கொரு வகுப்பா, அன்றாடம் பத்து நிமிடமா?

பெங்களூரு இந்திராநகரில் மது பரிமாறும் உணவகமொன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் நான், பொறுப்புடன் மது பரிமாறுவதற்கான பயிற்சியை இரு வழிகளிலும் நடத்திப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டுக்கொரு முழுநாள் வகுப்பில் அடிப்படைகள் தெளிவாகப் பதிகின்றன. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கையில் வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும், காபி குடித்தால் போதை சீக்கிரம் இறங்காது என்பதையும் நிதானமாக விளக்க நேரம் கிடைக்கிறது. ஆனால், ஆட்கள் அடிக்கடி மாறும் இத்தொழிலில், வகுப்புக்கு மறுவாரம் சேர்ந்தவர் அடுத்த ஆண்டு வரை ஒன்றும் அறியாமலே பரிமாறுகிறார்.

மாலையில் கடை திறக்குமுன் நடத்தும் பத்து நிமிடப் பயிற்சி கண்ணுக்கும் கைக்கும் பழக்கம் தருகிறது. 8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டில் ஒன்று, 30 மில்லி விஸ்கி நான்குக்கு ஏறத்தாழச் சமம் என்பதை, பாட்டிலுக்குப் பக்கத்தில் நான்கு கோப்பைகளை வைத்துக் காட்டினேன். தருமபுரியிலிருந்து வந்த தம்பி ஒருவர், "அண்ணா, பீர்தானேன்னு நேத்து ஒருத்தருக்கே மூணு பாட்டில் கொடுத்துட்டேனே!" என்று திகைத்துப்போனார். எந்த வகுப்பும் அவரிடம் அந்தக் கவலையை ஏற்படுத்தியதில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்தப் பத்து நிமிடம்தான் முதலில் கைவிடப்படுகிறது என்பது உண்மைதான். இருந்தும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் அன்றாடப் பயிற்சியையே தேர்வேன். சட்டப் பகுதியைப் புதியவர்களுக்கு முதல் நாளிலேயே தனியாகச் சொல்லிவிடலாம்.