ஜெட் திட்டமா, ஏஜென்சியா, நேரடி வேலையா? ஜப்பான் பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியராகச் சேரும் வழிகள்

ஜப்பான் அரசுப் பள்ளியில் ஆங்கிலப் பாடத்துக்குப் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியர்தான். அவருக்குத் துணையாக வகுப்பில் நிற்கும் வெளிநாட்டவரை ஏ.எல்.டி. என்பார்கள். வாசித்துக் காட்டுவது, உச்சரிப்புப் பழக்குவது, விளையாட்டு நடத்துவது என்று வேலை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சம்பளம் யாரிடமிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

முதலில் ஜெட். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைத்துவர 1987இல் தொடங்கிய ஜப்பான் அரசுத் திட்டம். 2025 ஏப்ரலிலிருந்து முதலாண்டுச் சம்பளம் சுமார் 40 லட்சம் யென். விமான டிக்கெட் அவர்கள் செலவு. அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் இருக்கலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் உங்களுக்குக் கிடையாது. விருப்பத்தை எழுதலாம், அவ்வளவுதான். ஒசாகா என்று எழுதிக் கொடுத்தவர் ஷிமானே மலைப்பக்கம் போய்ச் சேரலாம். அங்கே பஸ்ஸை நம்பிப் பயனில்லை, கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கும் இது சரிப்படாது. இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்தால் அடுத்த கோடையில்தான் பயணம்.

அடுத்தது ஏஜென்சி. இன்டராக், ஆல்ட்டியா, போர்டர்லிங்க் எல்லாம் இந்தத் துறையில் தெரிந்த பெயர்கள். உள்ளூர்க் கல்வி வாரியம் டெண்டர் விடும், நிறுவனம் எடுத்து ஆள் அனுப்பும். குறைந்த விலை சொன்னவருக்கு டெண்டர் என்றால் அந்தக் குறைவு யார் தலையில் விழும் என்று சொல்லவே வேண்டாம். மாதம் 2 முதல் 2.5 லட்சம் யென் என்பார்கள். பள்ளி விடுமுறை மாதங்களில் அதிலும் வெட்டு விழும் ஒப்பந்தங்கள் உண்டு. பெரும்பாலும் டிக்கெட்டும் உங்கள் செலவு. முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் பணம் வேண்டும். ஆனாலும் ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கிறார்கள், நகரத்தை ஒட்டிய இடங்கள் கிடைக்கின்றன, ஐந்தாண்டு வரம்பு இல்லை. ஜெட்டுக்கு ஆள் எடுக்காத நாட்டுக்காரர்களுக்கு இதுதான் வாசல்.

சம்பளத்தைவிட என்னை உறுத்துவது ஏஜென்சிக்கும் கல்வி வாரியத்துக்கும் இடையிலான ஒப்பந்த வகை. 'ஹாக்கேன்' (ஆளை அனுப்பிவைக்கும் ஒப்பந்தம்) என்றால் பள்ளி உங்களுக்கு நேரடியாக வேலை சொல்லலாம். 'இதாக்கு' (வேலையை நிறுவனத்திடமே ஒப்படைக்கும் ஒப்பந்தம்) என்றால் சட்டப்படி சொல்லக் கூடாது. எதுவானாலும் நிறுவனத்தின் வழியாகத்தான் வர வேண்டும். மீறினால் அது சட்டத்துக்குப் புறம்பான போலி ஒப்பந்தம். அதாவது, பக்கத்தில் நிற்கும் ஆசிரியர், "இந்த உரையாடலை இன்னொரு முறை மெதுவாக வாசியுங்கள்" என்று சொல்வதுகூடச் சிக்கல்! இரண்டு பேரும் சேர்ந்து பாடம் நடத்தத்தானே இந்த ஏற்பாடே? நடைமுறையில் பலர் கண்டுகொள்வதில்லை. விதியைப் பிடித்துக்கொள்ளும் பள்ளியில் மாட்டினால், நீங்கள் ஒரு பக்கம், ஆசிரியர் ஒரு பக்கம். நேர்காணலில் சம்பளத்துக்கு முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

தொடக்கப் பள்ளியில் இது இன்னும் வலிக்கும். 2020 முதல் அங்கே 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம், ஆண்டுக்கு 70 பீரியட். பல பள்ளிகளில் அதை நடத்துவது வகுப்பாசிரியர். ஆங்கிலத்தில் தயங்குபவராக இருந்தால் பாரம் ஏ.எல்.டி. மேல்தான் சாயும். நடுநிலைப் பள்ளியில் உயர்நிலை நுழைவுத் தேர்வு நெருங்க நெருங்க இலக்கணம்தான் ராஜா. நீங்கள் பல நாள் டேப் ரெக்கார்டர்.

மூன்றாவது, கல்வி வாரியமே நேரடியாக எடுப்பது. 2020இல் வந்த புதிய முறைப்படி பலருக்கு ஓராண்டு நியமனம், புதுப்பித்துக்கொண்டே போகலாம். நடுவில் கமிஷன் இல்லை, ஆசிரியரோடு தாராளமாகப் பேசலாம். மூன்றிலும் சிறந்தது இதுதான் என்பேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து நேராக இதில் நுழைவது அபூர்வம். விளம்பரம் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் வரும். ஏற்கெனவே அங்கே இருக்கும் ஏ.எல்.டி.க்கே காதில் விழும்.

எந்த வழியானாலும் பட்டம் வேண்டும். எந்தப் பாடமானாலும் சரி. அப்புறம், ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாட்டவரிடம் 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்பது வழக்கம். தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், எந்த ஊரானாலும் சரி என்பவர் ஜெட்டுக்குப் போடட்டும். ஏஜென்சி வழியாகப் போகிறவர் அதை ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, ஜப்பானிய மொழியைப் பிடித்துக்கொள்ளட்டும். அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், குளிர்காலத்திலேயே கல்வி வாரியங்களின் அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்கிவிட வேண்டும்.